11 வயது மகனோடு மரபு வில் கூடுகைக்கு: என்ன வில், எத்தனை அம்பு, எந்த வழி?

திண்ணைப்பேச்சு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம். மகனுக்கு 11 வயது, உயரம் 145 செ.மீ. போன மகர்நோன்புக்கு (விஜயதசமி அன்று) சாமி பொட்டலுக்கு வந்து அம்பு போட்டதைப் பார்த்ததிலிருந்து வில் பேச்சுத்தான். மே முதல் வாரம் வயநாட்டில் மரபு வில்காரர்கள் இரண்டு நாள் கூடுகிறார்கள். இரண்டு பேர் பெயரையும் கொடுத்தாயிற்று.

விதி இதுதான்: மரவில் அல்லது மூங்கில்வில். சைட் (குறிபார்க்கும் கருவி), ஸ்டெபிலைசர் (ஆட்டத்தை அடக்கும் கம்பி) எதுவும் கூடாது. அம்புத்தண்டு மரம் அல்லது மூங்கில், இறகு நிஜ இறகு. நுரையில் செய்த மிருக உருவங்கள்தான் இலக்கு, பிள்ளைகளுக்கு 5 முதல் 15 மீட்டருக்குள், நின்று விட வேண்டிய இடத்தில், தனி முளை அடித்திருப்பார்களாம்.

எனக்குச் சுமாராகப் பிடிக்கத் தெரியும், அவனுக்கு ஒன்றும் தெரியாது. கையில் எட்டு வாரம் இருக்கிறது. கேள்விகள்:

1. கடையில் 30 பவுண்டு (நாணை இழுக்கத் தேவையான பலம்) வில்லாக எடுங்கள், வளர்ந்தாலும் உதவும் என்கிறார்கள். சரியா?
2. அம்பு என்ன அளவு, எத்தனை?
3. எங்கள் வீடு பழைய வீடு. முகப்பிலிருந்து பின்வாசல் வரை நேர்க்கோடு, நூறு அடிக்கு மேல் இருக்கும். வளவுக்குள்ளேயே (நடுமுற்றத்தில்) பழகலாமா?
4. காரில் ஊட்டி, முதுமலை வழியாகப் போகலாம் என்று நினைப்பு. வில்லை எப்படிக் கட்டி எடுத்துப் போவது?

---

நாணொலி எழுதியது:

அண்ணே, முதலில் அந்த 30 பவுண்டை மறந்துவிடுங்கள். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை பெருசாக எடுக்கலாம், வில் பெருசாக எடுக்கக் கூடாது.

இழுப்பு நீளம் பார்க்க, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அளந்து 2.5 ஆல் வகுங்கள். 145 செ.மீ. என்றால் 58 செ.மீ. வரும், அதாவது 23 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குலம் இழுத்தால் வருவது. அவன் அவ்வளவு இழுக்கப் போவதில்லை. 20 என்று எழுதிய வில் அவன் கையில் 13, 14 பவுண்டுதான் இருக்கும். தொடங்குகிற 11 வயதுப் பையனுக்கு அது போதும். 30 என்று எழுதியது அவன் கையில் 20ஐத் தொடும். பையன் இடுப்பை வளைத்துப் பின்னால் சாய்வான், முன்தோளைக் காதுவரை தூக்குவான், நாண் வாய்க்கு வந்து சேருமுன்னே விட்டுவிடுவான். இந்த மூன்றும் ஒருமுறை பழகினால் பிறகு இளகின வில்லைக் கொடுத்தாலும் போகாது.

கடையிலேயே பார்த்துவிடலாம். நாணை வாய் ஓரம் வரை இழுத்து நிறுத்திப் பத்து எண்ணச் சொல்லுங்கள். மூன்று முறை. மூன்றாவதில் கை நடுங்கினால் அந்த வில் வேண்டாம். எண்ணி முடித்ததும் நாணை மெதுவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும், வெறும் நாணை விடவே கூடாது. அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய வேகம் முழுக்க வில்லின் கைகளுக்கே (பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பாகங்களுக்கே) திரும்பும். விரிசல் அன்றைக்குத் தெரியாது, நாலு நாள் கழித்து முகத்துக்கு நேரே ஒடியும். கடையில் கை வைத்த ஒவ்வொருத்தரும் செய்கிற தப்பு இது. அதனால் காட்சிக்கு வைத்த வில்லை வாங்காதீர்கள்.

வாங்குமுன் கண் பாருங்கள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை வைத்து, தூரத்துச் சுவர்க்கடிகாரத்தை இரண்டு கண்ணும் திறந்தபடி அதன் வழியே பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால் எந்தக் கண்ணில் கடிகாரம் நிற்கிறதோ அதுதான் ஓங்கின கண். வலதுகைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இடதுகண் ஓங்கியிருந்தால், புதிதாகத் தொடங்குகிறவன் என்பதால், இடதுகை வில்லே நல்லது.

54 அங்குல வில் அவனுக்குப் பொருந்தும். மூன்று துண்டாகக் கழற்றுகிற மாதிரி கிடைத்தால் எடுத்துப் போகவும் வசதி. உங்களுக்கு 66 அல்லது 68 அங்குலத்தில் 25 முதல் 30 பவுண்டு. எட்டு வாரத்தில் அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

நாண் டேக்ரான், பி-50 அல்லது பி-55, என்று கேட்டு வாங்குங்கள். நீளாத நவீன நாணைப் போட்டால் சாதாரண மரவில்லின் குதை (நாண் மாட்டுகிற வெட்டு) அறுந்து வரும். வளைநுனி வில்லுக்கு நாண் வில்லின் நீளத்தைவிட 4 அங்குலம் குறைவு, நீளவில்லுக்கு 3. நாணேற்றினபின் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியைக் கைமுட்டி வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்திப் பார்ப்பார்கள், 6 முதல் 7 அங்குலம் வரும். செய்தவர் சொன்ன அளவு இருந்தால் அதுதான் கணக்கு. குறைந்தால் நாண் மணிக்கட்டில் அடிக்கும், சத்தமும் கூடும். நாணைக் கழற்றி நாலைந்து முறுக்குக் கூட்டிப் போட்டால் இடைவெளி ஏறும்.

---

காரைவீடு எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு ஒரே பதில்: வேண்டாம்.

நேர்க்கோடு என்று நீங்கள் சொல்வதுதான் ஆபத்தே. நம் வீடுகளில் வளவின் இரண்டு பக்கமும் அறைக்கதவுகள் வளவைப் பார்த்தே திறக்கும். அம்பு கிளம்பின பிறகு இரண்டாங்கட்டிலிருந்து ஆச்சி டம்ளரோடு வெளியே வந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளைச்சாந்துச் சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. அம்பு அதில் குத்தாது, சறுக்கித் திசை மாறும். கல்தூணில் பட்டால் அதே வேகத்தில் திரும்பும். ஆத்தங்குடித் தரைக்கல்லில் அம்பின் மூக்கு, அதாவது முனை, குத்தினால் பெயர்வது மேல்பூச்சு, பிறகு அதே பூவைத் தேடி அலைய வேண்டும்.

மார்ச்சிலிருந்து மே வரை கண்மாய் காய்ந்து கிடக்கும். உள்வாய்ப் பக்கம் நின்று கரையைப் பார்த்து விடுங்கள். கரை ஆள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும், இலக்கு கரையின் அடியில் இருக்க வேண்டும். கரைமேல் ஆடு மேய்க்கிறவர்கள், டூவீலர்காரர்கள் போவார்கள், ஆகவே மேலே ஒருவர் காவல். ஊரணிக்கரை வேண்டாம், எந்த நேரமும் ஆள் இறங்கும். சீமைக்கருவேல் புதர் பின்னால் இருக்கிற இடமும் வேண்டாம். அம்பு கிடைக்காது, தேடினால் முள்தான் கிடைக்கும்.

நம் மண்ணில் செம்புராங்கல் நிறைய. தவறின அம்பு கல்லில் பட்டால் மூக்குக்குப் பின்னால் ஓர் அங்குலத்தில் மரம் நசுங்கும், வெளியில் தெரியாது. அதனால் இலக்குக்குப் பின்னால் பழைய ஜமக்காளத்தை இரண்டு மடிப்பாகக் கம்பியில் தொங்க விடுங்கள். இழுத்துக் கட்டக் கூடாது. தொளதொளவென்று தொங்கினால்தான் அம்போடு சேர்ந்து பின்னால் போய் வேகத்தை வாங்கும். இறுக்கிக் கட்டினால் துளைத்துவிட்டுப் போகும்.

இலக்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய பேப்பர் கடையில் அட்டைப்பெட்டி வாங்கி 60 செ.மீ.க்கு 40 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். 150 முதல் 200 துண்டு ஆகும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலும் கீழும் பலகை வைத்து, இரண்டு பக்கமும் 12 எம்.எம். மரைக்கம்பி போட்டு நட்டை முறுக்கி இறுக்குங்கள். அம்பு அட்டையின் விளிம்பில், இரண்டு அட்டைக்கு நடுவே நுழைய வேண்டும். 40 செ.மீ. என்பது ஆழம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நட்டை இன்னும் இரண்டு சுற்று முறுக்கினால் தளர்ந்த இடம் சரியாகிவிடும். சாக்கில் பழந்துணி அடைப்பதும் நடக்கும். ஆனால் பொத்தான், ஜிப் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. வைக்கோல்பிரி கட்டினால் ஒரு மாதத்தில் கரையான்.

முதல் இரண்டு வாரம் 5 மீட்டரில், இலக்கில் படமே இல்லாமல். புள்ளி இருந்தால் பையன் புள்ளியைத்தான் பார்ப்பான், கை என்ன செய்கிறது என்று பார்க்க மாட்டான். நாளைக்கு 30, 40 அம்பு, காலை ஆறரைக்குள் தொடங்கி எட்டுக்குள் முடிப்பு, வாரம் ஒரு நாள் ஓய்வு. பிறகு 8, 10, கடைசி இரண்டு வாரத்தில் 15 மீட்டர். சட்டைப்பையில் பேனா இருக்கக் கூடாது. கழுத்தில் ருத்ராட்சமோ சங்கிலியோ இருந்தால் சட்டைக்குள். நாண் அதில் மாட்டினால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

---

மூங்கில்கணு எழுதியது:

வில்லைவிட அம்புதான் காலை வாரும். கூடுகைகளில் "வில் சரியில்லை" என்று சொல்கிறவர்களில் பாதிப்பேருக்கு வில் சரியாகத்தான் இருக்கும், தண்டின் விறைப்புத்தான் பொருந்தாது.

அம்பு கிளம்பும்போது நேராகப் போவதில்லை. வில்லின் பிடியைச் சுற்றி மீன் மாதிரி நெளிந்துதான் போகிறது. தண்டு அதிக விறைப்பாக இருந்தால் வலதுகைக்காரருக்கு இடப்பக்கம் போகும், அதிகம் நெகிழ்ந்தால் வலப்பக்கம். நீளம் கூடினால் நெகிழ்வு கூடும், மூக்கின் எடை கூடினாலும் நெகிழ்வு கூடும், வெட்டிக் குறைத்தால் விறைக்கும். ஆகவே புது அம்பை வாங்கின கையோடு வெட்டாதீர்கள்.

விறைப்பை வீட்டிலேயே அளக்கலாம். 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணிமேல் தண்டைப் படுக்க வையுங்கள். ஒரு பாட்டிலில், காலிப்பாட்டிலின் எடையும் சேர்ந்து 907 கிராம் வரும்படி, தண்ணீர் ஊற்றி நடுவில் தொங்க விடுங்கள். எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதால் 26ஐ வகுத்தால் வருவது ஸ்பைன் பவுண்டு. 22 எம்.எம். தொய்ந்தால் 30, 19 எம்.எம். என்றால் 35, பதினாறரை என்றால் 40. ஒரு டஜனுக்குள் 5 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் வில்லுக்கு 30-35 சரியாக வரும். பையனின் 13 பவுண்டுக்கு ஏற்ற மரத்தண்டு கடையில் கிடைப்பது அரிது. கிடைப்பதில் மிக நெகிழ்ந்த 25-30ஐ வாங்கி, 25 அங்குலத்துக்கு வெட்டாமல் 27 அங்குலமாகவே விடுங்கள். அந்த 2 அங்குலமே தண்டை இளக்கிவிடும். குறுக்களவு 5/16 அங்குலம், மூக்கின் எடை 70 முதல் 100 கிரெயின் (ஒரு கிராமுக்குச் சுமார் 15 கிரெயின்). மர அம்பு எப்படியும் 250 கிரெயினைத் தாண்டும் என்பதால் 15 மீட்டரில் கொஞ்சம் இறங்கித்தான் விழும், அதை மேலே பார்த்துப் பழக வேண்டியதுதான்.

இறகு மூன்று, ஒவ்வொன்றும் 4 அங்குலம், 120 பாகை இடைவெளி. வான்கோழிச் சிறகு நல்லது. இடச்சிறகு இறகையும் வலச்சிறகு இறகையும் ஒரே அம்பில் கலக்கக் கூடாது, ஒன்று ஒரு பக்கம் சுற்றினால் இன்னொன்று எதிர்ப்பக்கம் சுற்றும். மூன்றில் நிறம் மாறின ஒற்றை இறகு வில்லுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். விராலிமலைப் பக்கம் மயில் நிறைய என்று யாராவது யோசனை சொல்வார்கள். மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உதிர்ந்ததைத்தான் பொறுக்கினேன் என்று வழியில் நிரூபித்துக்கொண்டிருக்க முடியாது. தோகை அம்புக்கு உதவவும் உதவாது.

ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். இறகுத்தண்டின் முன்நுனி, அம்பில் ஒட்டின இடத்தில், கத்திமுனை மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். அம்பைத் தாங்கும் மேடை இல்லாத வில்லில் அம்பு நம் கைவிரல்மேலேயே ஓடும். அந்த நுனி ஆள்காட்டிவிரலின் அடிப்பகுதியைக் கிழிக்கும், முதல் நாள் இரத்தம் வருவது அநேகமாக இதனால்தான். ஒவ்வொரு நுனியையும் பிளேடால் சரிவாகச் சீவி, ஒரு சொட்டுப் பசை வைத்து, தையல்நூலால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிவிடுங்கள். அம்பின் குதை நாணில் உட்காரும் இடம், அம்பு நாணுக்குச் செங்கோணமாக நிற்கும் இடத்துக்கு அரை அங்குலம் மேலே. அதைவிடத் தாழ்ந்தாலும் இறகு கையைத் தடவும்.

மரத்திலேயே குதை வெட்டினால் ரேகைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். ரேகை ஓடுகிற போக்கிலேயே வெட்டினால் நாண் ஆப்பு மாதிரி இறங்கித் தண்டைப் பிளக்கும்.

எத்தனை? உங்களுக்கு 12, அவனுக்கு 12. இரண்டு நாளில் நாலைந்து போவது சகஜம். எல்லாவற்றிலும் இறகுக்கு முன்னால் ஒரே நிறத்தில் இரண்டு வளையம் பெயிண்ட் அடித்து, முதலெழுத்தும் எழுதுங்கள்.

ஒவ்வொரு முறை பிடுங்கினபிறகும் இரண்டு நுனியையும் பிடித்து, முகத்துக்கு அப்பால் லேசாக வளைத்து, சுற்றிச் சுற்றிக் காதால் கேளுங்கள். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தால் அந்த அம்பை அங்கேயே இரண்டாக ஒடித்துப் போடுங்கள். பத்திரமாக எடுத்து வைத்தால் பையன் மறுபடி எடுத்து நாணில் வைப்பான். விரிசல் விட்ட தண்டு வில்பிடித்த கைக்குள்ளேயே ஏறும்.

---

திண்ணைப்பேச்சு எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வளவு யோசனையை விட்டாயிற்று, ஆச்சியும் விடச் சொல்லிவிட்டார்கள். இன்னொன்று: பக்கத்தில் மூங்கில் வேலை செய்கிறவர் ஒருவர் பையனுக்கு மூங்கில்வில் செய்து தருகிறேன் என்கிறார். விலையும் குறைவு. செய்யச் சொல்லலாமா?

---

மூங்கில்கணு எழுதியது:

தாராளமாக. இந்தியப் போட்டிகளில் மூங்கில்வில்லுக்கென்றே 'இந்தியன் ரவுண்ட்' என்று தனிப் பிரிவு இருக்கிறது, 50 மீட்டரும் 30 மீட்டரும் விடுகிறார்கள். மூங்கில் என்றால் விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். கல்மூங்கில், மூன்று வயதுக்குக் குறையாத கழி, 54 அங்குலம். நடுவில் ஒன்றேகால் அங்குல அகலம், நுனியில் அரை. பச்சைத்தோல் இருந்த பக்கம் இலக்கைப் பார்க்க வேண்டும், வயிறு நம்மைப் பார்க்க வேண்டும். தோலைச் சீவவே கூடாது, இழுவையைத் தாங்குகிற நார் முழுக்க அங்கேதான். வளைவு சரிசெய்வதெல்லாம் வயிற்றுப்பக்கம் சுரண்டித்தான்.

---

நாணொலி எழுதியது:

இதில் எனக்கு மாற்றுக்கருத்து. வில் நல்லதுதான், எட்டு வாரம்தான் பத்தாது. கழி ஏற்கெனவே வெட்டி நிழலில் மாதக்கணக்காகக் காய்ந்து இருந்தால் சரி. இப்போது வெட்டி வெயிலில் போட்டு அவசரமாகக் காய வைத்தால் பிளக்கும், காயாமல் செய்தால் நாண் கழற்றினபிறகும் வளைந்தே நிற்கும், பவுண்டு நாளுக்கு நாள் இறங்கும். கழியைப் பார்க்கும்போது கணுவைத் தட்டுங்கள். மஞ்சள் மாவு கொட்டினால் உள்ளே உளு இருக்கிறது. சாரம் கட்டுகிற மூங்கில் என்றால் கேள்வியே வேண்டாம்.

செய்து தந்தாலும் முதல் நாளே முழு இழுப்பு இழுக்காதீர்கள். நாணேற்றி 10 அங்குலம் வரை முப்பது முறை, பிறகு 15 வரை முப்பது முறை, வில்லின் இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று எதிரே நின்று ஒருவர் பார்க்க வேண்டும். ஒரு கை விறைத்து ஒரு கை மட்டும் வளைந்தால் வளைகிற கைதான் ஒடியும், சுரண்ட வேண்டியது விறைத்த கையை. எல்லோரும் தலைகீழாகச் செய்கிற இடம் இது.

என் யோசனை: கூடுகைக்குக் கடைவில். மூங்கில்வில்லை ஆற அமரச் செய்யச் சொல்லி அடுத்த மகர்நோன்புக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

---

மூங்கில்கணு எழுதியது:

கழி காய்ந்திருந்தால் என்று நானும் எழுதியிருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி கடைவில் மேல் என்கிற பேச்சை ஏற்க மாட்டேன் தம்பி.

---

சுரம்வழி எழுதியது:

நாலாவது கேள்வியை யாரும் தொடவில்லை. முதுமலை வழி போகாதீர்கள்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(35)இல் ஆயுதம் என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் வில்லும் அம்பும் பெயரோடு வருகின்றன. பிரிவு 31இன்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. முதுமலை, பந்திப்பூர், முத்தங்கா, சத்தியமங்கலம் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். போட்டிக்குப் போகிறோம், பையனுடைய வில் என்று செக்போஸ்ட்டில் நின்று வாதாடுவதைவிட வழியை மாற்றுவது மேல். திருச்சி, கரூர், கோவை, பாலக்காடு, அங்கிருந்து கோழிக்கோடு, பிறகு தாமரச்சேரி சுரம் (மலைப்பாதை) ஏறினால் வயநாட்டுக் கல்பற்றா. சுற்றுத்தான், ஆனால் சரணாலயம் குறுக்கே வராது. சுரத்தில் ஒன்பது கொண்டைஊசி வளைவு, பையனுக்குச் சாப்பாடு கோழிக்கோட்டில் வேண்டாம், மேலே போய்க் கொடுங்கள்.

ரயில் என்றால் எழும்பூர் - மங்களூர் எக்ஸ்பிரஸ் திருச்சி வழியாகக் கோழிக்கோடு போகிறது. வயநாட்டுக்குள் ரயில் கிடையாது, அங்கிருந்து பஸ்தான். விமானத்தில் வில், அம்பு இரண்டும் கேபினுக்குள் விட மாட்டார்கள்.

கட்டுவதற்கு 4 அங்குல பி.வி.சி. குழாய். 10 அடி நீளம் ஒன்று வாங்கி 6 அடியில் வெட்டினால் 68 அங்குல வில் நாண் இறக்கி உள்ளே போகும், மிச்சத் துண்டு அம்புக்கு. லோயர் பெர்த்துக்கு அடியில் நீளவாட்டில் நுழைந்துவிடும். இரண்டு நுனியிலும் பஞ்சு அடைத்து, வில்லைப் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். மூடிக்குப் பக்கத்தில் நாலைந்து சின்ன ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே புழுக்கத்தில் ஈரம் கட்டும். அம்புகளை அட்டைத்துண்டில் ஓட்டை போட்டு அதில் செருகி வைத்தால் இறகு நசுங்காது. இறகுக்கு அந்துப்பூச்சி வரும், துணியில் முடிந்து ஓர் அந்துருண்டை போதும்.

காரில் போனால் சாப்பிட இறங்கும்போது குழாயையும் இறக்குங்கள். மே மாத வெயிலில் பூட்டின கார் அடுப்பு. ஒட்டுப்போட்ட வில்லின் பசை இளகி அடுக்குப் பிரியும். மூங்கில் என்றால் வளைந்த வாக்கில் படிந்துபோகும். டிக்கி என்ன, பின்சீட் என்ன, எல்லாம் ஒன்றுதான்.

மே மாதம் அங்கே மத்தியானத்துக்கு மேல் மழை வரும். நனைந்த இறகு படுத்துவிடும், அம்பு வாலாட்டிக்கொண்டு போகும். அம்புத்தூணியின் வாயில் கட்ட ஒரு பாலிதீன் பை. நனைந்துவிட்டால் கொதிக்கிற பாத்திரத்தின் ஆவியில் காட்டினால் இறகு எழும்பி நிற்கும்.

திரும்பும்போது வயநாட்டில் பனமரம் என்கிற ஊரில் ஒரு மணிநேரம் இறங்குங்கள். 1802இல் பழசிராஜா பக்கம் நின்று குறிச்சியர்கள் (வயநாட்டுப் பழங்குடியினர்) வில்லும் அம்புமாகக் கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் முகாமைப் பிடித்த இடம். அவர்களுக்குத் தலைமை தாங்கின தலைக்கல் சந்துவுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. பையன் வயதுக்கு நன்றாகப் பிடிக்கும்.

---

முளைக்காவல் எழுதியது:

களத்து முறை மட்டும் நான் சொல்கிறேன். பையனுக்கு வில் கொடுக்குமுன் விசிலைச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு விசில் என்றால் கோட்டுக்கு வரலாம். ஒன்று என்றால் விடலாம். மூன்று என்றால் அம்பு பொறுக்கப் போகலாம். ஐந்தோ அதற்கு மேலோ விடாமல் ஊதினால் ஆபத்து, இழுத்த நாணையும் மெதுவாக இறக்கிவிட வேண்டும். கண்மாயில் பழகும்போதே நீங்கள் விசில் ஊதிப் பழக்குங்கள். அங்கே போய்ச் சொன்னால் ஏறாது.

கோட்டில் நிற்காதபோது அம்பு நாணில் இருக்கக் கூடாது. வானத்தைப் பார்த்து இழுக்கக் கூடாது. அடுத்தவர் வில்லைக் கேட்காமல் தொடக் கூடாது. அங்கே தமிழ் தெரியாதவர்களும் இருப்பார்கள், கவலை வேண்டாம், மலையாளத்திலும் வில்லு, அம்புதான்.

அம்பு பொறுக்க ஓடக் கூடாது. குதை கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், தடுக்கி விழுந்த பிள்ளை நேராக அதில் விழும். பிடுங்கும்போது இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும், பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு கையை நுரைமேல் அழுத்தி, இன்னொரு கையால் அம்பை இலக்கை ஒட்டின இடத்தில் பிடித்து, திருகிக்கொண்டே நேராக இழுக்க வேண்டும். வாலைப் பிடித்து ஆட்டினால் ஒடியும். புதரில் அம்பு தேடப் போனால் ஒரு வில்லை இலக்கின் முகத்தில் சாய்த்துவிட்டுப் போங்கள். பின்னால் வருகிற குழுவுக்கு அதுதான் தகவல்.

13 பவுண்டு வில்லில் கெட்டியான நுரை சில சமயம் அம்பைத் திருப்பி அனுப்பும், 5 மீட்டர் முளையில் குறிப்பாக. முதல் அம்பு தெறித்தால் அந்த இலக்கில் பையனை நிறுத்திவிட்டு நடத்துகிறவரைக் கூப்பிடுங்கள்.

காலையில் நாணேற்றுமுன் பஞ்சு ஒரு துண்டு எடுத்து வில்லின் முதுகில் (இலக்கைப் பார்க்கும் பக்கம்) நுனியிலிருந்து நுனிவரை தடவுங்கள். பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கே சிலும்பு எழும்பியிருக்கிறது. நாணுக்குத் தேன்மெழுகு. அப்புறம், டப்பாவில் சீப்புச்சீடையும் கைமுறுக்கும் கொண்டுபோவீர்கள், தெரியும். சாப்பிட்ட கையோடு இறகையும், நாண் இழுக்க விரலில் மாட்டும் தோலையும் தொட விடாதீர்கள். எண்ணெய் பட்ட தோலில் நாண் வழுக்கும், இறகு ஒட்டிக்கொள்ளும்.

---

திண்ணைப்பேச்சு எழுதியது:

கடைவில்லே, 54 அங்குலம், 20 பவுண்டு என்று சொல்லிவிட்டேன். பாலக்காடு வழி. குழாய் நாளை வாங்குகிறேன். இரண்டு பக்கமும் மூடி ஒட்டிவிடலாமா?

---

சுரம்வழி எழுதியது:

ஒரு பக்கம் மட்டும் சொல்யூஷன் போட்டு ஒட்டுங்கள். மறுபக்கம் மரை மூடி கேளுங்கள், பிளம்பிங் கடையில் இருக்கும். அது இல்லையென்றால் சும்மா செருகி மேலே டேப் சுற்றுங்கள். செக்போஸ்ட்டில் திறந்து காட்டச் சொன்னால் திறக்க வேண்டும்.

---